பொண்ணு கையால செஞ்சது

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. இந்தச் செவப்புக் குடமிளகா இருக்கே, தணல்ல கெடக்குறப்ப சும்மா கெடக்காது. பட்டுன்னு வெடிச்சு ஒரு சொட்டுத் தண்ணியைத் தெறிக்கும், பட்ட எடத்துல கொப்புளம்தான். ஆங், அந்த மணையை இழுத்துப் போட்டுக்கங்க. சால்வையைப் பிழிஞ்சு கொடியில போடுங்க, அடுப்பு வெக்கைக்குக் காஞ்சிரும். குல்லாயைக் கழட்டாதீங்க. இந்த மலைக்காத்து காதுக்குள்ள பூந்துச்சுன்னா இருக்கிற கொஞ்சநஞ்சக் குரலும் போயிரும்.

அய்யோ, பேசாதீங்கங்கிறேன்ல! நீங்க வாயைத் தொறந்தா வெறுங்காத்துதான் வருது. மழைக்குத்தானே ஒதுங்கினீங்க? தலையை ஆட்டினாப் போதும். இப்படி ஆட்டினா ஆமாவா, இல்லையா? சரி, ஏதோ ஒண்ணு. பெருமாள்மலை ஸ்டாப்புல எறங்குறவங்க மழை வந்தா எங்க கொல்லைக் கதவைத்தான் தட்டுவாங்க. நான் கதவைத் தொறந்து விட்டுட்டு உள்ள ஓடிருவேன். அவ்வளவு கூச்சம் எனக்கு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல எங்க நாத்தனா குளோரி எல்லாருக்கும் முன்னாடி கேட்டா, "மதினி, உங்க வீட்டுல கட்டிலு, பீரோ, பாத்திரம் எல்லாம் சீராத் தந்தாங்களே, வாயை மட்டும் தர மறந்துட்டாங்களா?" அப்படீன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சேலைத் தலைப்புக்குள்ள.

இன்னைக்கு என்னமோ பேச வருது. உங்களுக்குத் தொண்டை கட்டவும் எனக்குத் தொறந்துக்கிருச்சு போல. குறுக்க பேச ஆள் இல்லைன்னா எனக்கும் பேச வரும்னு இன்னைக்குத்தான் தெரியுது. வீட்டுல யாரும் இல்ல. எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டார். அத்தையும் குளோரியும் மூஞ்சிக்கல் பஜார்ல டெய்லர்கிட்ட போயிருக்காங்க, கல்யாண ஜாக்கெட்டு போட்டுப் பாக்க. ஆமா, குளோரிக்குத்தான் கல்யாணம். அதுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். பாப்பா தொட்டில்ல இருக்கா. இந்தா பாருங்க, தொட்டில் கயித்தைக் கால் கட்டைவிரல்ல மாட்டியிருக்கேன். கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை. இன்னைக்கு வாய்க்கும் ஒரு வேலை!

இது என்னன்னு பாக்குறீங்களா? எங்க வீட்டுல இதுக்குச் சீஸ் துவையல்னு பேரு. வெள்ளைக்காரங்க பிமென்டோ சீஸ்னு சொல்வாங்க. பாப்பா பொறக்குறதுக்கு முந்தி நான் மேல ஒரு பங்களாவுல பாத்திரம் கழுவப் போனேன். அங்க ஒரு வெள்ளைக்காரம்மா மாசம் முச்சூடும் தங்குனாங்க. அவங்க இதைப் பண்ணிப் பண்ணி வாரத்துக்கு ரெண்டு ரொட்டி காலி பண்ணுவாங்க. எனக்கு யாரும் சொல்லித் தரல. அவங்க பேச்சு எனக்குப் புரியாது, நான் பேசவே மாட்டேன், அப்புறம் எங்கிட்டுச் சொல்லித் தர? கழுவுற தொட்டிக்கிட்ட நின்னு ஓரக்கண்ணால பாத்ததுதான். ஒரு நாள் ஒரு துண்டு ரொட்டியில தடவி எங்கிட்ட நீட்டுனாங்க. வாங்கித் திரும்பி நின்னு தின்னேன். மொதல்ல பால் வாசம். அப்புறம் லேசா ஒரு புகை. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கிறப்ப தொண்டைக்கிட்ட ஒரு சின்னக் கிள்ளு. நான் கழுவிக்கிட்டிருந்த தட்டைக் கீழ போட்டுட்டேன்னா பாத்துக்கங்க.

வீட்டுக்கு வந்து பண்ணிப் பாத்தேன். சீஸுக்குப் பஞ்சமில்ல. எங்க வீட்டுக்காரர் சீஸ் பண்ற எடத்துலதான் வேலை, ஓரம் சீவுன துண்டெல்லாம் வீட்டுக்கு வரும். இந்தா இதுதான். ஒரு பங்கைப் பெருசாத் துருவணும், ஒரு பங்கைப் பொடிசாத் துருவணும். பொடிசு கரையும், பெருசு பல்லுல மாட்டும். ரெண்டும் வேணும். ஆனா அந்த வெள்ளைக் குழம்பு இருக்கே, முட்டை மஞ்சக்கருவுல எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு அடிக்கிறது, அதுதான் என்னைப் பாடாப் படுத்துச்சு. மொதல்ல நல்லெண்ணெய் விட்டேன், கசந்துச்சு. கடலை எண்ணெய் விட்டேன், வடைக்கடை வாசம். தேங்காண்ணெய் விட்டேன். அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாக் காலையில பாத்தா இந்தக் குளுருக்கு ஒறைஞ்சு கல்லாகிக் கெடக்கு, கரண்டியைக் குத்துனா கரண்டி நிக்குது! எங்க வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பாத்துட்டு, "ராணி, வாசப்படி ஒண்ணு ஒடைஞ்சிருக்கு, அங்க வெச்சுப் பூசிரலாமா?"ன்னாரு. கடைசியில சன்பிளவர் எண்ணெய்தான் கேட்டுச்சு. ஒரு பல்லு மலைப்பூண்டு, எலுமிச்சம்பழம், கொஞ்சம் மொளகுத்தூளு. அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் தின்னாரு. தட்டை வழிச்சாரு. அப்புறம், "இன்னும் இருக்கா?"ன்னு கேட்டாரு. எங்க வீட்டுல அது மெடலு குடுத்த மாதிரி.

இருங்க, மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கிறேன். நல்லாக் கருகணும். கருகலைன்னா தோலு உரியாது. தண்ணியில காட்டக் கூடாது, புகை வாசம் ஓடிரும். சுடச்சுட இப்படி வெரலாலதான். பழகிருச்சு.

இந்தாங்க, இது நேத்துப் பண்ணினது, ரொட்டியில தடவித் தர்றேன். தின்னுங்க. தொண்டைக்கு நல்லதான்னு தெரியல, மனசுக்கு நல்லது. எதுக்குப் பைக்குள்ள கையை விடுறீங்க? காசெல்லாம் வேணாங்கக்கா! வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு துண்டு ரொட்டி குடுத்துக் காசு வாங்குவாங்களா? கையை வெளிய எடுங்க. ஆங்.

குளோரி கதைக்கு வாறேன். அவ நல்ல பிள்ளைதான். பீகாம் படிச்சவ, செல்போன் கடையில வேலை பாக்குறா, வாயாடி. ஆனா அடுப்பு எந்தப் பக்கம் எரியும்னு தெரியாது. அவளைப் பொண்ணு பாக்க வத்தலக்குண்டுல இருந்து வந்தாங்க. அங்க பஸ் ஸ்டாண்டுக்கிட்ட பேக்கரி வெச்சிருக்காங்க. மாப்பிள்ளை பேரு பெலிக்ஸ், வெட வெடன்னு ஒல்லியா இருப்பாரு, பேக்கரிக்காரர் மாதிரியே இருக்க மாட்டாரு. அவங்க அப்பா இல்ல. அம்மாதான் எல்லாம். லில்லியம்மா. நான் மொகத்தைப் பாத்ததில்ல. அடுப்படித் திரைக்கு அங்கிட்டு நான் வந்தாத்தானே? திரைக்குக் கீழ காலு தெரிஞ்சுச்சு, தோல் செருப்பு. குரல் மட்டும் கேட்டுச்சு. அம்மாடி, அது குரலா! கோயில் மணியை வீட்டுக்குள்ள அடிச்ச மாதிரி. தொட்டில்ல பாப்பா தூக்கிப் போட்டு எந்திரிச்சிருச்சு.

அன்னைக்குக் கேசரி, வாழைக்கா பஜ்ஜி எல்லாம் அத்தைதான் போட்டாங்க. தட்டுல அடுக்கி இந்தச் சன்னலுக்குக் கீழ வெச்சுட்டு அவங்களை வாங்க வாங்கன்னு கூப்பிட முன்னால போயிட்டாங்க. நான் பாப்பாவைத் தூக்கி அமத்துறதுக்குள்ள, சொன்னா நம்ப மாட்டீங்க, கொரங்கு! ஒண்ணு இல்ல, குடும்பத்தோட. பெருசு ஒண்ணு கேசரிச் சட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிருச்சு. குட்டிங்க ஆளுக்கு ரெண்டு பஜ்ஜி. நான் கத்தணும்ல? கத்த வரல! உள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருக்காங்களே, எப்படிக் கத்துறது? "சூ... சூ..."ன்னு மெதுவாச் சொன்னேன். அந்தப் பெருசு என்னைத் திரும்பிப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை, "நீயெல்லாம் ஒரு ஆளா"ங்கிற மாதிரி. சட்டியோட மதிலு மேல ஏறி உக்காந்து, நான் பாக்கப் பாக்க, முந்திரியா எடுத்துத் தின்னுச்சு.

அத்தை உள்ள வந்து பாத்தாங்க. "அடிப்பாவி, பஜ்ஜி எங்கடி?" நான் மதிலைக் கையைக் காட்டினேன். அத்தை நெஞ்சுல கையை வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. வீட்டுல இருந்தது என்ன? எங்க வீட்டுக்காரருக்குன்னு எடுத்து வெச்ச ஒரு கிண்ணம் சீஸ் துவையல். ரொட்டி? அதுவும் இல்ல. ஆனா அவங்க கொண்டாந்த தட்டு இருந்துச்சுல்ல, பூ, பழம், கேக்கு, அவங்க பேக்கரி ரொட்டி ரெண்டு! நான் ஒரு ரொட்டியை எடுத்தேன். அவங்க ரொட்டியை அவங்களுக்கே அறுத்துத் தடவி, மூணு மூணு துண்டா வெட்டித் தட்டுல அடுக்கிட்டேன். எனக்குச் சிரிப்புச் சிரிப்பா வருது. குளோரி கையில தட்டைக் குடுத்து அனுப்பியாச்சு.

திரைக்கு இந்தப் பக்கம் நின்னு கேக்குறேன். மெல்லுற சத்தம் மட்டும். அப்புறம் லில்லியம்மா குரல் மணியடிச்சுச்சு. "இது யாரு செஞ்சது?"

எங்க அத்தை ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "எல்லாம் பொண்ணு கையால செஞ்சதுதான்!"

அதைத் தப்புன்னு சொல்லலக்கா. பொண்ணு பாக்க வந்தா அப்படித்தானே சொல்லணும்? ஊரு ஒலகத்துல எல்லா வீட்டுலயும் அதுதானே வழக்கம்? என்னைப் பாக்க வந்தப்பவும் எங்கம்மா, பக்கத்து வீட்டு அக்கா போட்ட முறுக்கை நான் போட்டதாத்தான் சொன்னாங்க. அது பொய்யில சேராது. மரியாதையில சேரும்.

ஆனா லில்லியம்மா விடல. "உள்ள செவப்பாக் கெடக்கே, அது என்னம்மா?"ன்னு குளோரியைக் கேட்டாங்க. குளோரி எங்க வீட்டுல அதை நாலு தடவை தின்னிருப்பா, ஒரு தடவை கேட்டிருக்க மாட்டா. கொஞ்சமும் தயங்காமச் சொன்னா, "கேரட்டு."

சிரிக்காதீங்கக்கா, ரொட்டி பொரை ஏறும்! இந்தாங்க, வெந்நி குடிங்க. மெதுவா. நானே அன்னைக்குத் திரையை வாயில அடைச்சுக்கிட்டேன். லில்லியம்மா, "கேரட்டா? தணல்ல சுட்ட வாசம் அடிக்குதே"ன்னாங்க. குளோரி, "சுட்ட கேரட்டு"ன்னா. மாப்பிள்ளைக்கு அவ சொல்லு ஒண்ணும் காதுல விழல, அவ மூஞ்சியையேதான் பாத்துக்கிட்டிருந்தாராம். தட்டு காலி. அன்னைக்கே பூ வெச்சுப் பேசி முடிச்சுட்டுப் போயிட்டாங்க.

அதோட போச்சா? அடுத்த வாரமே போன். "மருமக கையால இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் பண்ணி ஒரு டப்பாவுல போட்டு இந்த பஸ் டிரைவரண்ணன்கிட்டக் குடுத்து விடணும். கீழ பெலிக்ஸு தம்பி ஸ்டாண்டுல வாங்கிக்கும். எனக்கு இதுல ஒண்ணும் வருத்தமில்லக்கா. யார் பண்ணுனா என்ன, தின்னா சரி. ஆனா டப்பா திரும்பி வரணும்ல? எங்கம்மா எனக்குச் சீராத் தந்த அடுக்கு டப்பா. அஞ்சும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காரும். எங்கம்மா நெலக்கோட்டையில பாத்திரக்கடையிலயே நின்னு ஒவ்வொண்ணுலயும் என் பேரை வெட்டி வாங்குனாங்க, சின்னக் கரண்டி வரைக்கும். கடைக்காரரு மிஷினை வெச்சு டிர்ர்ர்னு வெட்டுவாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அஞ்சாங்கிளாஸோட படிப்பு நின்னவ நான், என் பேரை அவ்வளவு அழகா யாரும் எழுதி நான் பாத்ததில்ல. தொலைஞ்சாலும் யாரோடதுன்னு அடையாளம் தெரியணும்னு சொல்லித்தான் அம்மா வெட்டுனாங்க. இப்ப அதுல மூணு போய் வத்தலக்குண்டுல உக்காந்திருக்கு. மிச்சம் ரெண்டும் கடகடன்னு ஆடுது. பேக்கரிக்காரங்களுக்கு டப்பா இல்லையா? திருப்பித் தர வேணாமா? வெறும் டப்பாவாத் தர மனசில்லாம வெச்சிருக்காங்களோ என்னவோ. எங்க ஊருல ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுசாத் திருப்ப மாட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னா ஒரு கை சீனியாவது போட்டுத் தருவாங்க. அதுவும் நல்ல சேதின்னா சீனிதான்.

பாருங்க, மறுபடியும் பைக்கிட்டப் போறீங்க! பிடிவாதக்காரங்களா இருக்கீங்களே. இன்னொரு துண்டு வேணுமா, அதைச் சொல்லுங்க. இந்தாங்க. ரொட்டியை எப்படி அழுத்தாமப் பிடிக்கிறீங்க! பேக்கரியில வேலை பாத்தவங்க மாதிரி. எங்க வீட்டுல எல்லாம் கழுத்தைப் பிடிச்ச மாதிரி பிடிப்பாங்க.

அந்த லில்லியம்மா நல்ல மனுசிதான். எப்பப் போன் பண்ணினாலும், "உங்க வீட்டு மருமக எப்படி இருக்கா? அவளுக்குக் கைக்குழந்தை வேற, ரொம்ப வேலை வாங்காதீங்க"ன்னு அத்தைகிட்டச் சொல்வாங்களாம். என்னை எதுக்கு அவங்க கேக்கணும்? பாத்ததுகூட இல்ல. நல்ல மனசு, வேறென்ன. ஒரு தடவை பஸ்ஸுல கைக்குத் தடவுற களிம்பு ஒரு பாட்டில் வந்துச்சு, "மிளகாய் உரிக்கிற கைக்கு"ன்னு. குளோரி எடுத்து மூஞ்சிக்குத் தடவிக்கிட்டா. மினுமினுன்னு இருக்கா.

இப்பக் கேளுங்க வேடிக்கையை. பேக்கரியில இதை வெச்சுப் பன்னு போடப் போறாங்களாம். பன்னைக் கீறி உள்ள துவையலைத் தடவி, கல்லுல லேசா வாட்டிக் குடுக்கிறது. பேரு என்ன தெரியுமா? குளோரி பன்! பெலிக்ஸு தம்பி வெச்ச பேரு. எனக்கு என்ன. நல்ல பேருதான். குளோரி பன். போர்டுல எழுதுவாங்களாம், செவப்பு எழுத்துல. நல்லாத்தான் இருக்கும். நான் ஒண்ணும் நெனைக்கல. ராத்திரி படுத்துக்கிட்டு மத்த பேரெல்லாம் சேத்துச் சொல்லிப் பாத்தேன், சும்மா வேடிக்கைக்கு. எங்க வீட்டுக்காரர் பேரு சவரி. சவரி பன். கேட்டா முடி இருக்குமோன்னு பயந்துருவாங்க! அத்தை பேரு ஞானசௌந்தரி, அது பன்னை விட நீளம். இன்னொரு பேரும் சொல்லிப் பாத்தேன். பரவாயில்ல, நல்லாத்தான் வந்துச்சு. அதை விடுங்க.

பிரச்சனை என்னன்னா, லில்லியம்மா சொல்லிட்டாங்க, கல்யாணத்துக்கு மறுநா அவங்க பேக்கரியில நடக்கிற மறுவீட்டு விருந்துக்குப் பாயசம் கீயசம் வேணாம், புது மருமக எல்லார் முன்னாடியும் உக்காந்து அந்தத் துவையலைப் பண்ணணும், சொந்தக்காரங்க எல்லாம் பாக்கணும்னு. குளோரிக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "மதினி, ஒரே நாள்ல கத்துக் குடுங்க"ன்னு வந்து உக்காந்தா. நான் மிளகாயைச் சுட்டு உரிச்சுக் குடுத்துட்டு, "துருவு"ன்னேன். பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு வந்து பாக்குறேன், சீஸு, மிளகா, முட்டை, எண்ணெய், பூண்டு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மிக்ஸியில அடிச்சு வெச்சிருக்கா! ஆரஞ்சுக் கலருல கூழு. செவுத்துக்குப் பூசுனா ரெண்டு கோட்டு வரும். ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்தவ, என் தோள்ல சாஞ்சு அழுதுட்டா. "மதினி, அவங்க இந்தத் துவையலுக்காகத்தான் என்னைக் கட்டிக்கிறாங்க. தெரிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பிருவாங்க"ன்னு. அவ அழுது நான் பாத்ததே இல்லக்கா. என்னை வாய் இல்லைன்னு சொன்னவதான். ஆனா பாப்பா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில என் துணியெல்லாம் அலசிப் போட்டவளும் அவதான். அந்த அழுகையைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

இதுல கோயில்ல கல்யாண ஓலை வேற வாசிக்கிறாங்க. மூணு ஞாயித்துக்கெழமை வாசிக்கணும்ல? "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்"னு சாமியாரு வாசிக்கிறப்ப, என்னையே பாக்குறாரு! சீஸ் துவையலு தடையில சேருமா, சேராதா? யாரைப் போய்க் கேக்குறது? மொத வாரம் பாப்பாவைக் கிள்ளி விட்டு, அது அழவும் தூக்கிட்டு வெளிய ஓடிட்டேன். ரெண்டாவது வாரம் கிள்ள வேண்டிய வேலையே இல்ல, ஓலையை எடுத்தாலே அது அழுதுருச்சு. நாளைக்கு மூணாவது. நாளைக்குத் தாண்டிட்டா அப்புறம் கல்யாணம்தான்.

நான் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். பொண்ணுக்குத் துணையா நான் கூடப் போவேன்ல? பேக்கரிக்குப் பின்னால மாவு மூட்டை அடுக்குற ரூம்பு இருக்காம். அதுல நான் ஒளிஞ்சுக்குவேன். குளோரி எல்லார் முன்னாடியும் துருவுவா, கிண்டுவா, கேமராவுக்குச் சிரிப்பா. அப்புறம், "உப்பு எடுத்துட்டு வர்றேன்"னு கிண்ணத்தோட உள்ள வருவா. நான் என் கிண்ணத்தைக் குடுத்து அவ கிண்ணத்தை வாங்கிக்குவேன். முடிஞ்சு போச்சு! மாவு மூட்டைக்குப் பின்னாடி பாப்பா தும்மாம இருக்கணும், அவ்வளவுதான். அய்யோ, நீங்க ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க? கண்ணுல தண்ணி வருது பாருங்க. எனக்கும் சிரிப்பு வருதுதான். நெனைச்சுப் பாத்தா, தலையெல்லாம் மாவோட நான், கையில கிண்ணத்தோட...

பொறவு வாராவாரம் எப்படீன்னு கேக்குறீங்களா? அதுக்கென்ன, நான் இங்கயிருந்து பண்ணிப் பண்ணி அனுப்பிட்டே இருப்பேன். குளோரி பன்னு நல்லாப் போகட்டும். எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஒரே ஒரு ஆசை, அந்தப் பன்னைத் தின்னுட்டு யாராவது ஒருத்தர், முன்ன பின்ன தெரியாதவங்களா இருந்தாலும் சரி, "இதைப் பண்ணுன கை நல்லா இருக்கணும்"னு சொல்லி, அது என் காதுல விழணும். பேரெல்லாம் வேணாம். கை மட்டும்.

சரி சரி, நீங்க அழுகாதீங்க! சிரிச்சதுல வந்த தண்ணிதானே அது? நல்லவேளை, நீங்க வழிப்போக்கரு. வத்தலக்குண்டுல ஒரு ஈ காக்காய்க்கு இது தெரியாது. ரகசியம் காக்குறதுல என்னை அடிச்சுக்க ஆளு கெடையாதுக்கா. பால்காரக்காவுக்குச் சொல்லியிருக்கேன், டிரைவரண்ணனுக்குச் சொல்லியிருக்கேன், இப்ப உங்களுக்கு. அவ்வளவுதான். நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க. கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. என் கையெல்லாம் கரி, பரவாயில்ல, அடிங்க.

ஏன் கையை விட மாட்டேங்கிறீங்க? கரியா இருக்குக்கா. கண்ணுல ஒத்திக்கிறீங்களே, இதென்ன, குல்லாயெல்லாம் கரியாயிருச்சு.

திரும்பவும் பையா! சரி, எடுங்க, என்னதான் வெச்சிருக்கீங்கன்னு பாத்துருவோம். டப்பாவா? ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு. எங்க டப்பா மாதிரியே இருக்கே. இந்தப் பெருசுல மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கு, எங்களோடதும் இப்படித்தான், பாப்பா போட்டு...

"ராணீ! அடியே ராணீ!"

அத்தை வந்துட்டாங்க, வாசல்ல நிக்கிறாங்க. என்னத்தை?

"சம்பந்தியம்மா வந்தாங்களாடி? காலையிலயே பஸ் ஏறிட்டாங்களாம், பெலிக்ஸு தம்பி இப்பத்தான் போன் பண்ணுச்சு! தொண்டை வேற கட்டிப் பேச்சே வரலையாம். இந்த மழையில எங்க எறங்கி எங்க நிக்கிறாங்களோ தெரியலையே!"

இல்லத்தை, இங்க யாரும்...

அக்கா. இது சீனி. டப்பா நெறையச் சீனி. மூடியில, இந்தா, கரிக் கையால தொடைக்கிறேன், ச... கா... ய... சகாயராணின்னு என் பேரை வெட்டியிருக்கே. அப்ப நீங்க மொத டப்பா வந்த அன்னைக்கே இந்தப் பேரைப் பாத்து எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான்...

"அங்க யார்கூடடி பேசிக்கிட்டிருக்க? உனக்குத்தான் பேசவே வராதே!"

வந்துட்டேன் அத்தை, இந்தா, இங்கதான் அடுப்படியில, நம்ம லில்லியம்மாகூடத்தான் பேசிக்கிட்டிருக்கேன்!